கிரியாட்டினின் கூடவில்லை என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்கு ஆய்வுச் செய்திகளில் 'ரத்தத்தில் கிரியாட்டினின் கூடவில்லை, ஆகவே சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை' என்ற முடிவு அடிக்கடி வருகிறது. கிரியாட்டினின் என்பது தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள். அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நாய், பூனைகளில் சிறுநீரகச் செயல்திறனில் சுமார் முக்கால் பங்கு போன பிறகே கிரியாட்டினின் இயல்பு வரம்பைத் தாண்டும் என்பது கால்நடை மருத்துவத்தில் அடிப்படைப் பாடம். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தக் குறியீடோ சராசரியாக 40 சதவீத இழப்பிலேயே உயரத் தொடங்கிவிடும்.

அளக்கும் முறையும் ஏமாற்றும். சுண்டெலி ரத்தத்தில் ஜாஃபே என்ற பழைய நிறமாற்றச் சோதனை முறை, கிரியாட்டினின் அல்லாத பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட்டு அளவைக் கூட்டிக் காட்டும். உண்மையான ஏற்றம் அதற்குள் மறைந்துவிடும். நொதி முறையோ, பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையோ வேண்டும். இதைவிடக் கவலை தருவது தசை இழப்பு. நோயுற்ற விலங்கு தீனி குறைத்து மெலிந்தால் கிரியாட்டினின் உற்பத்தியே குறையும். கெட்டுவரும் சிறுநீரகமும் நலமாகத் தெரியும். சிறுநீரகத்தைக் கணிக்க அளக்கும் இன்னொரு கழிவான யூரியாவோ புரதம் மிகுந்த தீனி, நீரிழப்பு, குடல் ரத்தக்கசிவு என எதனாலும் ஏறும்.

எந்த முறையில் அளந்தார்கள், உடல் எடை எவ்வளவு மாறியது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் இனுலின் போன்ற பொருளைச் செலுத்தி அதன் வடிகட்டும் திறனை நேரடியாக அளந்தார்களா என்ற மூன்றையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள் சிலர்