இருபத்தேழில் நாலு

லைப்சிக், ஜெர்மனி

அன்பு மாப்ள,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே, உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். இங்கே பேத்திக்குப் பல் முளைக்கிறது. ராத்திரி வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை.

சாயங்கால டியூஷனைப் பற்றி இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் வாங்கிக் கொடுத்தாய். வாங்கினதில் பாதிப் பிள்ளைகள் மறுவாரமே வரவில்லை. ஒரு பாக்ஸ் பெட்டிக்கடையில் விலைக்கு இருந்தது. இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போட முடியவில்லை. நடுவில் ஒருநாள் ஹாலேக்குப் போய்வந்தேன்.

இங்கிருந்து ரயிலில் அரை மணிதான். போர்டிங்கில் இருக்கும்போது 'ஹாலே' என்றால் வரலாற்று நோட்டில் மனப்பாடம் செய்த ஒரு சொல், அவ்வளவுதானே? அந்தக் காலத்தில் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பிராங்கே என்கிற போதகரின் பெயருள்ள டிராம் நிறுத்தத்தில் இறங்கினேன். முன்னால் அவருடைய அநாதை இல்லத்தின் பெரிய மஞ்சள் கட்டடம், உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கிற இரண்டு கழுகுகள். அதன் முகத்துக்கு நேராக ஒரு மேம்பாலம், கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டியது. லாரி போகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது. உள்ளே முற்றத்தில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிற பிராங்கே சிலை இருக்கிறது. அதன் கீழே 'அவர் கடவுளை நம்பினார்' என்று செதுக்கியிருக்கிறார்கள். நம்பினார், சரி. ஆனால் கணக்கும் நன்றாகத் தெரிந்த மனுஷன் என்பதுதான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1692-ல் ஹாலேக்கு வெளியே கிளௌகா என்கிற இடத்துக்குப் போதகராக வந்தார். ஊரில் இருந்ததே 200 வீடுதானாம், அதில் 37 சாராயக்கடை. கொள்ளைநோய் வந்துபோன ஊர் வேறு. வியாழக்கிழமைதோறும் ஏழைகள் போதகர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ரொட்டியை மட்டும் கொடுத்தனுப்பாமல் உள்ளே கூப்பிட்டு, பிள்ளைகளிடம் ஞானோபதேசத்தில், அதாவது கிறிஸ்தவ அடிப்படைப் பாடத்தில், கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சரி, பள்ளிக்கூடம் போகட்டும் என்று வாராவாரம் ஃபீஸ் காசைக் கையில் கொடுத்தார். காசை ஒழுங்காக வந்து வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பக்கம் மட்டும் போகவில்லை! இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

1695 ஈஸ்டர் சமயம். அவர் வீட்டு அறையில் வைத்திருந்த ஏழைகள் உண்டியலில் யாரோ ஒருவர் ஒரே தடவையாக 4 தாலர் 16 குரோஷன் போட்டிருந்தார், இரண்டும் அந்தக் காலத்து ஜெர்மன் காசு, குரோஷன்தான் சின்னது. இதை முதலாக வைத்து உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று அன்றைக்கே 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். தினம் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஏழை மாணவன் ஒருவனை அமர்த்தினார், வாரத்துக்கு 6 குரோஷன் சம்பளம். பிள்ளைகளிடம் கொடுத்த புத்தகம் 27. திரும்பி வந்தது 4. மிச்சத்தை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த ஊரிலும் ஒரு பெட்டிக்கடை இருந்திருக்கும்போல.

மனுஷன் என்ன செய்தார் என்கிறாய்? இன்னொரு 16 குரோஷனுக்குப் புத்தகம் வாங்கினார். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பிரசங்கம் செய்ததாகவோ, யாரையும் தேடிப்போய்ப் பிடித்ததாகவோ நான் படித்ததில் இல்லை.

அதே வருஷம் ஓர் அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்க்கலாம் என்று விசாரித்தார். தாயும் தகப்பனும் இல்லாத உடன்பிறப்புகள் நாலு பேரைக் காட்டினார்கள். நாலு பேரையும் சேர்த்துக்கொண்டார். 1698-ல் பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை எல்லாம் கூடவே வந்தன. அங்கே செய்த 'எசென்ஷியா டல்சிஸ்' என்கிற மருந்து பல தேசத்துக்கும் போய் விற்றிருக்கிறது. அது எத்தனை பேர் வியாதியைத் தீர்த்ததோ, பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பணம் வந்தது. 1727-ல் அவர் இறந்தபோது அங்கே 2,000 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அநாதைகள் 130 சொச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. விளையாட்டு கூடாது என்பார். ஓய்வு நேரத்தில் தோட்டம், மரம் கடைகிற வேலை, கண்ணாடி தேய்க்கிற வேலை என்று ஏதாவது ஒன்றில் பிள்ளைகள் இருக்க வேண்டும். சும்மா இருப்பதே பாவம் என்கிற எண்ணம். நம் வார்டன் கோயிலுக்குப் பின்னால் வந்து கிட்டிப்புள்ளைப் பிடுங்கி அடுப்பில் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த அடுப்பு எரிய ஆரம்பித்தது ஹாலேயில்தான் என்று நினைத்துக்கொண்டேன். நீ உன் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடு.

மேல்மாடியில் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று சேர்த்துவைத்த அதிசயப் பொருள்கள் இருக்கின்றன. உத்தரத்திலிருந்து முழு முதலை ஒன்று தொங்குகிறது. நம் ஊர்ப் பனையோலைச் சுவடிகளும் இந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தரங்கம்பாடியில் மணலில் விரலால் 'அ' எழுதி, நம் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் இங்கே படித்தவர். 1715-ல் அவர் அச்சிட்ட புதிய ஏற்பாட்டுக்குத் தமிழ் எழுத்து முதலில் வார்த்ததும் இங்கேதான். ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பியதை ஹாலேக்காரர்கள் அச்சிடவில்லை. 1867-ல் சென்னையில்தான் அது வெளிவந்தது. நல்ல மனசுக்குள்ளேயும் இப்படி ஓர் இறுக்கம்.

அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஒரு காரியம் செய். என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. முன்னறையில் இருக்கிற பழைய இரும்பு பீரோவை ஆள் வைத்து உன் டியூஷன் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போய்விடு. நீ தூக்காதே. கீழ்த்தட்டு துருப்பிடித்திருக்கும், அட்டை போட்டுக்கொள். பூட்டு சரியாக விழாது, நோட்டு வைக்க அது போதும்.

அன்புடன்,
உன் பழைய போர்டிங் பங்காளி