கட் பண்ணாதே, காப்பி பண்ணு

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

அன்பு மாப்ள,

நீ போன் பண்ணினபோது மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன், பாதிப் பேச்சு காற்றோடு போய்விட்டது. உன் மலையில் சிக்னல் என்றைக்கு ஒழுங்காக இருந்தது? அதனால் எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

கூகுளின் பழைய போட்டோ புரோகிராம் பிகாசாவில் கிடக்கிற படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி புது லேப்டாப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டாய். கேட்ட வாயாலேயே "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்றும் சொன்னாய். நானும் வருஷக்கணக்கில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016 மார்ச்சோடு கூகுள் அதைக் கைகழுவிவிட்டது, ஆனாலும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஐபோனில் எடுத்து அனுப்புகிற படங்கள் ஹெச்இஐசி என்று ஒரு வகையில் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, பிகாசாவுக்கு அதைத் திறக்கவே தெரியாது. பேரன் பிறந்ததிலிருந்து ஒரு படம்கூட வீட்டு ஆல்பத்தில் இல்லை என்றால் அது என்ன ஆல்பம், சொல்லு.

படங்களை மாற்றுவது ஒரு வேலையே இல்லை மாப்ள. படம் என்பது ஒரு ஃபைல், காப்பி பண்ணினால் போய்ச் சேர்ந்துவிடும். நாம் பத்துப் பதினைந்து வருஷமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயர் போட்டோம், ஸ்டார் போட்டோம், கோணலை நிமிர்த்தினோம், அந்த உழைப்பு கூட வருமா என்பதில்தான் சிக்கல். அப்பா ஸ்டுடியோ போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் யார் யார், எந்த வருஷம் என்று எழுதிவைப்பாரே, ஞாபகம் இருக்கா? பிகாசா சிலதை அப்படி எழுதும், சிலதைத் தனி நோட்டில் எழுதும். படத்துக்குக் கீழே நீ அடிக்கிற குறிப்பு, தேடுவதற்காக ஒட்டுகிற டேக் இரண்டும் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே, அதாவது படத்துக்குள்ளேயே போய்விடும், அது பென்சில் எழுத்து மாதிரி, படம் எங்கே போனாலும் கூடவே போகும். ஸ்டாரும், வெட்டியதும், வெளிச்சம் கூட்டியதும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கிற பிகாசா.ஐஎன்ஐ என்ற குட்டி ஃபைலில் இருக்கும், அதுதான் நோட்டு. முகத்துக்குப் போட்ட பெயரோ பாதி அந்த நோட்டில், பாதி பிகாசாவின் சொந்தக் கணக்கில். புதுப் புரோகிராமுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது. நீ கட்டம் கட்டி வெட்டிய படம் அங்கே போனதும் வெட்டாத படமாகத்தான் நிற்கும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், சித்தி கல்யாணப் படங்கள். 1974, அம்மாப்பேட்டை வீட்டு வாசலில் பந்தல். அதை ஸ்கேன் பண்ணிவைத்து, அம்மாவை மானிட்டர் முன்னால் உட்காரவைத்து ஒவ்வொரு முகமாகக் கேட்டேன். அம்மா விபூதி விரலை அப்படியே கண்ணாடியில் வைத்து, இது மேச்சேரி அத்தை, இது அம்மாயியோட தங்கச்சி, இவன் பேச்சை எடுக்காதே என்று சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் மானிட்டர் முழுக்க வெள்ளைப் பொட்டு. ஒரு மூலையில் டவுசர் பையன் ஒருத்தன், மூக்கு ஒழுகிக்கொண்டு. "பக்கத்து வீட்டுப் பையன்டா, பந்தியில் ரெண்டு தரம் உட்கார்ந்தானே" என்றாள். நீதான். இப்போது அம்மா இல்லை. அந்தப் பெயர்கள் தொலைந்தால் திரும்பக் கேட்க ஆள் கிடையாது.

அதனால் டிஸ்க்கை வாங்குவதற்கு முன்னாலேயே நோட்டில் இருப்பதைப் படத்துக்குப் பின்னால் எழுதிவிடு. பிகாசாவின் ஆப்ஷன்ஸில் நேம் டேக்ஸ் பக்கத்தில், பெயரைப் படத்திலேயே சேமிக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும், போடு. அது இனிமேல் போடுகிற பெயருக்குத்தான். பழையதுக்கு டூல்ஸ் மெனுவில் எக்ஸ்பெரிமென்டல் என்று ஒன்று இருக்கும், அதற்குள் முகங்களை எக்ஸ்எம்பியில் (படத்துக்குள்ளேயே குறிப்பு வைக்கிற இடம்) எழுது என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போ, நேரம் ஆகும். ஸ்டாருக்கு ஒரு குறுக்குவழி: ஸ்டார் படங்களை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, "நல்லபடம்" என்று ஒரு டேக் போட்டுவிடு. டேக் ஃபைலுக்குள் போகும் என்றேனே. ஆல்பங்களுக்கும் இதே வித்தைதான். வெட்டியது, நிமிர்த்தியதெல்லாம் வேண்டுமென்றால் ஃபோல்டர் ஃபோல்டராக சேவ் கொடுக்கவேண்டும். மூலப் படம் எங்கும் போகாது, ஒளித்துவைத்த இன்னொரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்.

இனி என் கூத்தைக் கேள். முதல் தடவை காப்பி பண்ணாமல் கட் பண்ணிவிட்டேன். 310 ஜிபி, பழைய டெஸ்க்டாப், பின்னால் இருப்பதெல்லாம் யுஎஸ்பி 2, அது நொடிக்கு 30 எம்பி தள்ளினாலே பெரிய விஷயம், குட்டிக் குட்டி ஃபைல் என்றால் அதுவும் கிடையாது. ரெண்டு மணி நேரம் கழித்து கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பாட்டரி எப்போதோ செத்ததை நான் கவனிக்கவில்லை. கரண்ட் வந்து பார்த்தால் பாதிப் படம் டிஸ்க்கில், பாதி இங்கே, நடுவில் மாட்டிய சிலது பூஜ்யம் கேபி. இதில் பிகாசா வேறு, ஃபோல்டரில் படம் இல்லை என்றதும் தன் பட்டியலிலிருந்து சத்தம் போடாமல் எடுத்துவிட்டது. போன வருஷம் மகள் வீட்டில் ஒரு காப்பி வைத்திருந்ததால் தப்பித்தேன், ஆனாலும் மூன்று ராத்திரி எதை எதோடு ஒப்பிடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். வீட்டுக்காரி "அதான் எல்லாம் போன்ல இருக்கே" என்றாள், அந்த நேரத்தில் கேட்கவேண்டிய வார்த்தையா அது.

ஆகவே காப்பிதான். ஃபோல்டருக்குள் போய்ப் படங்களை மட்டும் பிடித்து இழுக்காதே, ஃபோல்டரையே முழுசாக எடு, ஒளிந்திருக்கும் ஃபைலும் கூட வந்துவிடும். முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று எண்ணிப் பார், அதற்குப் பிறகும் பழையதை ஒரு மாதமாவது அழிக்காதே. டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, உன் மகன் கல்யாண வீடியோ அங்கேதான் முரண்டு பிடிக்கும். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு என்றால் என்டிஎஃப்எஸ் போதும். மருமகள் மேக்கிலும் பார்க்கவேண்டும், எழுதவேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்.

நான் இப்போது டிஜிகேம் என்ற போட்டோ புரோகிராமுக்கு மாறிவிட்டேன், அதற்குக் காசு கிடையாது. அதில் படங்கள் டிஸ்க்கிலேயே இருக்கலாம், கழற்றி மாட்டுகிற டிஸ்க் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டால் போதும், ஆனால் அது தன் கணக்கை எழுதிவைக்கிற டேட்டாபேஸை மட்டும் லேப்டாப்புக்குள் வை. செட்டிங்ஸில் முகம், டேக் எல்லாவற்றையும் ஃபைலிலும் எழுதச் சொல்லிவிடு, நாளைக்கு இதையும் யாராவது கைகழுவினால் திரும்ப அழவேண்டாம். முதல் நாள் ஒரு வேடிக்கை. டேக் பட்டியலில் "கோட்டை மாரியம்மன்" ரெண்டு தரம் நிற்கிறது, எழுத்து மாறாமல்! ஒன்றில் ஓகாரக் குறி ஒரே துண்டு, இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி, பழைய கீபோர்டு பண்ணிய வேலை. நம் கண்ணுக்கு ஒன்று, மிஷினுக்கு ரெண்டு. கொலுசுக் கடைத் திறப்பு, கொல்லிமலை எல்லாம் அப்படியே இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தேன். ஸ்கேன் பண்ணிய பழைய படங்களெல்லாம் ஸ்கேன் செய்த தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதையும் மாற்றவேண்டும். சித்தி கல்யாணம் 2011 என்று காட்டியது, சித்தி பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

பெயர்கள் வந்துவிட்டன. உன் மூக்கும் வந்துவிட்டது.

இன்னொரு யோசனை. என் டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து உன் வீட்டில் வைக்கிறேன், உன்னுடையது ஒன்று என்னிடம் இருக்கட்டும். இங்கே தண்ணி புகுந்தாலும் திருடன் வந்தாலும் மலையில் ஒன்று இருக்கும். அங்கே ஈரம்தான் பிரச்சினை, உன் கேமரா லென்ஸில் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்தவன் நான், அதனால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம் போட்டு வை, சமையல்கட்டு அலமாரி வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். 20 கொண்டை ஊசி வளைவையும் அது தாங்கிவிடும், நான்தான் தாங்கமாட்டேன், எலுமிச்சம்பழம் ஒன்று எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிடு.

உன்
அம்மாப்பேட்டை பங்காளி