மேமோகிராமுக்குக் கிளம்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றி அக்டோபர் இதழில் வந்த கட்டுரையை என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 40 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே படம், எடுக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கேன்சா சொல்வதை நன்றாக எடுத்துச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் எப்படித் தயாராகிப் போவது என்று ஒரு வரிகூட இல்லை. நம் பெண்கள் பலர் தயங்கி நிற்பது அங்கேதான்.

"தாலியைக் கழற்றச் சொல்லுவாங்களா?" அத்தை கேட்ட முதல் கேள்வியே இதுதான். கழுத்தில் தொங்குவது படத்தை மறைக்கும், அதனால் கழற்றத்தான் சொல்வார்கள். நான் கூடவே போனேன். படம் எடுக்கும் பெண்ணிடம் உள்ளே நுழைந்ததுமே விஷயத்தைச் சொன்னோம். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளலாம் அம்மா என்றார். அதற்குப் பிறகுதான் அத்தை ரவிக்கையில் கை வைத்தார்.

அடுத்தது பவுடர். குளித்துவிட்டுப் பவுடர் பூசாமல் வாசற்படி தாண்டுவது நம் வீட்டுப் பெரியவர்களிடம் நடக்காது. அன்றைக்கு மட்டும் அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட், கிரீம் எதுவுமே வேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழலாம். புற்றுநோயின் தொடக்கத்தில் சிலருக்குத் தெரியும் சுண்ணாம்புப் படிவும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். நெஞ்சில் சந்தனம், விபூதி இருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். சேலையோ பாவாடை சட்டையோ உடுத்திப் போனால் மேலுடுப்பை மட்டும் கழற்றினால் போதும்.

வலிக்குமா என்று கேட்டால், பலருக்கு வலிக்கத்தான் செய்யும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் சில நொடிதான். வழக்கமாக ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம். மாதவிலக்கு நிற்காதவர்கள், அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவாக இருக்கும். கர்ப்பமாக இருக்கலாம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய படங்களைக் கட்டாயம் கொண்டுபோங்கள். போன தடவை இல்லாத மாற்றம் இந்தத் தடவை இருக்கிறதா என்றுதான் டாக்டர் முக்கியமாகப் பார்ப்பார். ஒரு வருடம் பீனிக்ஸ் பகுதியில், மறு வருடம் டர்பன் நகரில் என்று மாறி மாறிப் போகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு படம் எடுக்கக் கூப்பிட்டால் உடனே அழ வேண்டாம். அப்படிக் கூப்பிடப்படும் 10 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய் இருக்கும்.

மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் நர்ஸிடம் மார்பைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்ளிழுத்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, போன படம் நன்றாக வந்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நாமோ புரட்டாசி முடியட்டும், தீபாவளி முடியட்டும், டிசம்பர் விடுமுறை போகட்டும், தைப்பூசக் காவடி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. விரத நாளிலும் மேமோகிராம் எடுக்கலாம், அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இவற்றை அடுத்த இதழில் ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். பாட்டி தமிழில் படிப்பார், பேத்திக்கு ஆங்கிலம் வேண்டும். எங்கள் கோயில் மாதர் குழுவில் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்