பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், ஐயா

தாத்தாவின் சவரக்கத்தி. பிடியை ஒட்டி, கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான 'சோலிங்கன்' முத்திரை, அலகெல்லாம் துருப்புள்ளி. சாணைக்கல்லோடு உப்புத்தாளும் கேட்டேன். கடையில் பக்கத்தில் நின்ற நீங்கள்தான் தடுத்தீர்கள்: "தம்பி, கத்தியோட கூர்வாயில உப்புத்தாள் படவே கூடாது. எண்ணெய் தடவி ஊற விடுங்க."

நாற்பது வருஷம் சலூனில் நின்ற கை, என் கையைப் பிடித்தே காட்டியது. கல்லில் முதுகும் வாயும் ஒருசேரப் படிய வேண்டும், வாய் முன்னே போக வேண்டும். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே. இதை மாற்றிச் செய்திருந்தால் தோல்வாரும் போயிருக்கும், கூரும் போயிருக்கும்.

சொரசொரப்பான 1000 எண் கல்லில் தொடங்கி, மிக நைசான 8000 எண் கல் வரை வர மூன்று வாரம் ஆனது. நேற்று முன்கை மயிர் பட்டதும் உதிர்ந்தது. அப்பா கத்தியை வாங்கி, அந்தக் கொம்புப் பிடியை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

ரொம்ப நன்றி ஐயா.