பொம்மைக்கு அளவெடுக்கும் அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே காவேரிப்பட்டணத்தில் நானும் அம்மாவும் நலம். மா பூவெடுத்துப் பிஞ்சு பிடித்திருக்கிறது. இந்த வருஷம் காய் நன்றாக இருக்கும் என்கிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனில் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டதை அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாயாம். "தையல் கடையை மூடினதுல இருந்து அப்பா ஒரு மாதிரி இருக்காராம்மா? ராத்திரி பத்து மணிக்குப் பொம்மையோட உக்காந்திருக்கார்னு சொல்றீங்க, யாராவது டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று. அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் டில்லியில் இருந்துகொண்டு காதால் மட்டும் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் ஒன்று. இந்தப் பொம்மைகள் உனக்குப் பதிலாக வந்தவை இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஏக்கத்தில் பொம்மையோடு பேசுகிறார் என்று யாராவது கதை கட்டினால் நம்பாதே. பேரன் பேத்திக்குச் சேர்த்து வைக்கிறார் என்றும் யாரிடமும் சொல்ல வேண்டாம்; உன் அத்தையிடம் அப்படிச் சொல்லித்தான் சமாளித்தாயாம். எதிர்வீட்டு டீச்சரம்மா "இந்தப் புரட்டாசிக்குக் கொலு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நம் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. இது எனக்காக. நான் விளையாடுகிறேன், அவ்வளவுதான். நீயும் ஆபீஸ் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யானை வைத்திருக்கிறாயே, வீடியோ காலில் பார்த்தேன். அது எந்தப் பேரனுக்கு?

ஆரம்பித்து வைத்தது உன் பார்பிதான். வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது கிடைத்தது. பாலித்தீன் பைக்குள் வாயை இறுக்கிக் கட்டி இத்தனை வருஷம் கிடந்ததில் கால் இரண்டும் பிசுபிசுவென்று ஒட்டின. பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளைகிறாற்போல மெத்தென்று வைக்க அதில் ஒரு எண்ணெய்ச் சரக்கு கலப்பார்களாம். சூட்டில், காற்றுப் போகாத இடத்தில் கிடந்தால் அது மெல்லக் கசிந்து மேலே வருமாம். நம் ஊர்ப் பரண் சூட்டைக் கேட்கவும் வேண்டுமா? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து கழுவினேன். தலைமுடிக்கு ஷாம்பு போட்டு, அம்மாவின் பேன் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தேன். வேரிலிருந்து இழுத்தால் கொத்தோடு வந்துவிடும்.

கன்னத்தில் நீ பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியது மட்டும் போகவில்லை. அதற்கு வைத்தியம் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். முகப்பருவுக்குப் பூசுகிற பென்சாயில் பெராக்சைடு க்ரீமை மை பட்ட இடத்தில் மட்டும் பூசி வெயிலில் வைக்க வேண்டும். உதட்டுச் சாயத்தில் பட்டால் அதுவும் வெளுத்துவிடும். மருந்துக்கடைத் தம்பி என் வழுக்கையைப் பார்த்துவிட்டு "யாருக்குங்கய்யா?" என்றான். "ஒரு பொண்ணுக்கு" என்றேன். பூசுவதும் துடைப்பதுமாக நாலைந்து தடவை மாடி வெயிலில் வைத்ததில் கன்னம் தெளிந்துவிட்டது. நெற்றியில் நீ பேனாவால் வைத்த பொட்டை மட்டும் விட்டுவிட்டேன். சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறாய்.

கழுவியாயிற்று, உடம்பில் துணி இல்லை. தையல்காரன் வீட்டில் அது நன்றாகவா இருக்கும்? டேப்பை எடுத்தேன்.

உயரம் 11.5 அங்குலம். ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. அப்படியானால் இவள் நிஜத்தில் 5 அடி 9 அங்குலம். இடுப்பு 3.5 அங்குலம், ஆறால் பெருக்கினால் 21. இத்தனை வருஷத்தில் வயது வந்த ஒரு பெண்ணுக்கும் நான் 21 எழுதினதில்லை. இந்த இடுப்புக்காக அந்தக் கம்பெனியை உலகமே திட்டியிருக்கிறது. 2016-ல் குண்டு, குட்டை, நெட்டை என்று வேறு வேறு உடம்பில் கொண்டுவந்ததும் அதற்குப் பிறகுதான். திட்டியது நியாயம். ஆனால் உள்பாவாடை கட்டி, கொசுவம் சொருகி, முந்தானையை ஒரு சுற்றுச் சுற்றியதும்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பொம்மை ஆறில் ஒன்றாகச் சுருங்கும், துணியின் கனம் சுருங்காது. நாலு மடிப்புத் துணி சேர்ந்தால் அந்த ஒல்லி இடுப்பு சாதாரண இடுப்பாகிவிடுகிறது. உடுத்திப் பார்க்கிறவனுக்குத்தான் இது தெரியும்.

அந்தக் கனத்தோடுதான் இப்போது எனக்குத் தினமும் மல்லுக்கட்டு. ஆறு கஜச் சேலைக்கு ஆறில் ஒரு பங்கு ஒரு கஜம், அகலம் 7.5 அங்குலம். கணக்கு அழகாகத்தான் வருகிறது. புதுத்துணியில் வெட்டினால் கொசுவம் விசிறிபோல விரைத்துக்கொண்டு நிற்கும். துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய காட்டன் சேலைதான் படியும். அம்மாவின் அலமாரியில் நான் கைவைக்கிறேன் என்று அவள் உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள். கொசுவமும் ஐந்தாறு வைக்கக் கூடாது, மூன்று போதும். ஈரத்தோடு மடித்து நூலால் கட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அயர்ன் வைத்தால் சொன்னபடி கேட்கும். பெரிய பூப்போட்ட துணி ஆகவே ஆகாது. ஒரே பூ முதுகு முழுக்க உட்கார்ந்துகொள்ளும். பொடிப் புள்ளி, பொடிக் கட்டம், குழந்தைச் சட்டை வெட்டின மிச்சம், இவைதான் சரி.

ரவிக்கை இன்னும் மோசம். நாம் வழக்கமாகத் தையலுக்கு விடும் நாலு நூல், அதாவது அரை அங்குலத் துணியை இதில் விட்டால் ரவிக்கையே தையலாகிவிடும். ஒரு நூல்தான் விடலாம். கையை வட்டமாக ஏற்றுவதெல்லாம் நடக்காது. பக்கத் தையல் போடும் முன்பே தட்டையாக விரித்து வைத்துக் கையை ஏற்றிவிட வேண்டும். இத்தனூண்டு துணியை மெஷினில் வைத்தால் பல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். அடியில் பழைய நியூஸ் பேப்பரை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுப் பேப்பரைக் கிழித்து எடுக்கிறேன். போட்டுவிடும்போது பொம்மையின் விரல் ரவிக்கைக் கைக்குள் மாட்டிக்கொண்டு நூலைப் பிரிக்கும். அதற்குப் பொம்மையின் கையில் ஒரு துண்டு பாலித்தீன் கவரைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். முதல் ரவிக்கை முடிந்த ராத்திரி நான் விசிலடித்தேன் என்கிறாள் அம்மா. அடித்திருப்பேன்.

காஜா பையனாகக் கடையில் சேர்ந்த காலத்திலேயே இந்தப் பைத்தியம் எனக்கு உண்டு பாப்பா. அதற்கும் முன்பே உண்டு. ஆம்பளப் பையன்களுக்குச் சோளத்தட்டைதான் அப்போது பொம்மைக்கடை. காய்ந்த தட்டையின் மேல்தோலைப் பட்டை பட்டையாக உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றைத் துண்டு போட்டு, உரித்த பட்டையையே ஆணியாகச் சொருகி மாட்டுவண்டி செய்வோம். மூக்குக் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டு வாத்தியார் மாதிரி நடப்போம். என் வண்டியில் மட்டும் ஆள் இருக்கும். தட்டையில் உடம்பு, துணிக்கிழிசலில் சேலை. வண்டி ஓட்டுவதைவிட அந்த அம்மாவுக்குச் சேலை மாற்றுவதில்தான் எனக்கு ஆசை. "என்னடா பொட்டப்புள்ளையாட்டம்" என்பார்கள். தங்கச்சிக்குச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உன் அத்தை பொம்மைப் பக்கமே திரும்ப மாட்டாள், மரம் ஏறிக்கொண்டிருப்பாள்.

மாசியில் அங்காளம்மன் மயானக்கொள்ளைக்குக் கூட்டம் கூடும்போது ரோடு நெடுகக் கடை போடுவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அங்கேதான் படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மையை முதலில் பார்த்தேன். கடைக்காரர் விற்பதற்காகப் படுக்க வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்; நான் நகரவே இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன எடைக்கட்டி தொங்குகிறது, படுக்க வைத்தால் அது சாய்ந்து இமையை இழுக்கிறது, வித்தை அவ்வளவுதான் என்று பெரியவனாகித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அலுக்கவில்லை. இப்போது என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, கிருஷ்ணகிரியில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒரு கண் மட்டும் பாதி மூடும். சரிசெய்ய மனசில்லை.

மற்றவையும் சொல்கிறேன், நீ கணக்குக் கேட்பாய். திருப்பதியில் வாங்கிய மரப்பாச்சி ஜோடி ஒன்று. அந்தக் காலத்தில் செஞ்சந்தன மரத்தில் செய்வார்கள், கல்யாணச் சீரில் பெண்ணோடு போகும். என்னிடம் இருப்பது அந்த மரம் இல்லை, சாயம் பூசினது. ஆனால் ராஜாவுக்கு நான் தைத்த அங்கியைப் பார்த்தால் நீ கேட்க மாட்டாய். தஞ்சாவூர்த் தலையாட்டி ஒன்று. மைசூருக்குக் கல்யாணத்துக்குப் போனபோது வழியில் சென்னபட்டணத்தில் இறங்கி வாங்கியவை கொஞ்சம். அங்கே கடைசலில் மரம் சுழல, அரக்குக் குச்சியை அதில் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி அப்படியே வழவழவென்று பிடித்துக்கொள்கிறது. கடைசியில் தாழை மடலால் ஒரு தேய்ப்பு, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மரம் என்ன என்று கேட்டால் வெட்பாலை. நம்ம ஊர்க் காட்டில் இருக்கிறதுதான், தோலுக்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதுவே.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்று உன் தம்பி எனக்குப் பாடம் எடுத்தான். பிரிக்காத பெட்டி எனக்கு எதற்கு? தொடாமல் வைத்திருக்க அது என்ன நிலப்பத்திரமா? பெரியவர்களுக்குப் பொம்மை ஆகாது என்பதும் எங்கிருந்து வந்ததோ. நம் பக்கத்து முனியப்பன் கோயில்களில் மண்ணால் மாடும் ஆளுமாகச் செய்து நிறுத்துவது குழந்தைகளா?

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊரிலேயே எனக்கு ஒரு சாட்சி உண்டு. கார்ட்டூன் போடுவாரே சங்கர் பிள்ளை, கேரளாக்காரர், நேருவையே விடாமல் வரைந்தவர். 1902-ல் பிறந்தவர். ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் மயங்கி, வெளிநாடு போகும்போதெல்லாம் பொம்மை வாங்கத் தொடங்கும்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. யாரும் அவரை டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. 1965-ல் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில், நேரு ஹவுஸ் என்ற கட்டடத்தில் பொம்மைக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார். நம் தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். அப்போது நாமெல்லாம் தர்மபுரிதான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள், ஆறாயிரத்துக்கு மேல் அங்கே இருக்கின்றன. நம் மாநிலங்களின் உடுப்புகளைப் பொம்மைகளுக்குத் தைத்துப் போட அங்கேயே ஒரு பட்டறையும் நடத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் போய்வாருங்கள். ஜப்பான் பொம்மைகளைப் பார். அங்கே மார்ச் 3-ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காக, சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, பரிவாரம் என்று அடுக்குவார்களாம். டீச்சரம்மாவிடம் சொன்னேன், "நம்ம கொலுவேதான்!" என்று பூரித்துப்போனார். பார்த்தால் மட்டும் போதாது. நம்மூர்ச் சேலை கட்டிய பொம்மைகளைப் படம் எடுத்து அனுப்பு. முகம் எனக்கு வேண்டாம். பக்கவாட்டில் நின்று, இடுப்பில் கொசுவத்தை எப்படி அடக்கியிருக்கிறார்கள், முதுகில் ரவிக்கையை எதைக்கொண்டு மூடியிருக்கிறார்கள் என்று தெரிகிற மாதிரி எடு. கொக்கியா, பிரஸ் பட்டனா, நேராகத் தைத்தே விட்டார்களா? நான் பிரஸ் பட்டன் வைத்தால் முதுகில் கொப்புளம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது.

உன் பார்பி உனக்குத்தான். கேட்டால் கொடுத்துவிடுவேன், ஆனால் மாம்பழ சீசனுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள். கூரியரில் அனுப்ப மாட்டேன்.

சாந்தினி சௌக் பக்கம் போனால் கினாரி பஜாரில் ஜரிகை லேஸ் பார். இங்கே கிடைப்பதெல்லாம் அகலம், பொம்மைக்குச் சமுக்காளம் கட்டிய மாதிரி இருக்கிறது. அகலம் இரண்டு நூலுக்குள் இருக்க வேண்டும், மூன்று என்றால் வேண்டாம். டேப் கொண்டு போ. கடைக்காரர் கண்ணளவை நம்பாதே. மெரூன் ஒரு கஜம், பச்சை ஒரு கஜம். தங்கக்கலர் எது மலிவோ அதில் இரண்டு கஜம்.

அன்புடன்,
அப்பா