கத்தரிப் பூவில் தொங்கும் பம்பிள்பீக்கு மருந்தடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் கத்தரி, தக்காளிக்கு எரு போடுவது, தண்ணீர் விடுவது பற்றியெல்லாம் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தப் பூக்களைக் காயாக்கும் பம்பிள்பீயைப் பற்றி, தேனீக்கு உறவான அந்த மயிரடர்ந்த பூச்சியைப் பற்றி, ஒரு வரிகூட இல்லை. கனடாவின் ஸ்காபரோவில் நம்மவர்கள் அதைக் குளவி என்று நினைத்து மருந்தடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

தெற்கு ஒன்ராறியோவில் மிகச் சாதாரணமாகக் காணும் பம்பிள்பீயின் அறிவியல் பெயர் பொம்பஸ் இம்பேஷன்ஸ். அடையாளம் சுலபம். நெஞ்சுப் பகுதியில் அடர்ந்த மஞ்சள் மயிர், இரண்டு சிறகுகளுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. வயிற்றின் முதல் பட்டை மட்டும் மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. குளவிக்கு இடுப்பு ஒடுங்கி உடம்பு வழுவழுப்பாக இருக்கும். மரத்தைத் துளைக்கும் தச்சு வண்டுக்கோ வயிறு மொட்டையாகப் பளபளக்கும்.

காலையில் கத்தரிச் செடியருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பம்பிள்பீ பூவின் அடியில் தலைகீழாகத் தொங்கி, மகரந்தக் குழலைத் தாடையால் கவ்விக்கொள்ளும். சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்பதைவிடக் கூர்மையான ரீங்காரம் எழும், மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். தேனீயால் இப்படி அதிர்ந்து உதிர்க்க முடியாது. காற்று ஓரளவுக்குத்தான் உதவும். தக்காளிப் பூவின் மஞ்சள் குழலில் பழுப்புத் தழும்பு இருந்தால் அது நோயல்ல, பம்பிள்பீ கவ்விய தடம். லெமிங்டன் பக்கத்துக் கண்ணாடிக்கூடங்களில் தக்காளி வளர்ப்பவர்கள் இதே இனத்தைப் பெட்டி பெட்டியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு இலவசமாக வருவதை நாம் கொல்கிறோம்!

பழைய எலி வளையிலோ டெக்கின் அடியிலோ கூடு கட்டினாலும் பயப்பட வேண்டாம். கூட்டைக் கிளறினால் கொட்டும்தான்; பூவில் இருப்பது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். அந்தக் கூடும் ஒரு கோடைக்குத்தான். உறைபனி வந்ததும் பழைய ராணி, வேலைக்காரிகள், ஆண்கள் எல்லாம் செத்துவிடும். இணைசேர்ந்த புதிய ராணிகள் மட்டும் சருகுக்கு அடியில், சில சென்டிமீட்டர் ஆழ மண்ணில், பனிக்காலம் முழுக்கத் தூங்கும். ஆகவே இலையுதிர்காலத்தில் வளவை ஒட்டக் கூட்டி இலையெல்லாம் பையில் கட்டி வீதியில் வைக்காதீர்கள். வேலியோரமாவது சருகு கிடக்கட்டும். ஏப்ரலில் எழும் ராணிக்கு டாண்டெலியன், வில்லோ பூக்கள் வேண்டும். செப்டம்பரில் ஆஸ்டரும் கோல்டன்ரொட்டும் வேண்டும். தும்மலுக்குக் கோல்டன்ரொட்டைக் குறை சொல்லிப் பிடுங்குகிறார்கள். உண்மையில் அது அதே நேரத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களையின் வேலை.

இது சாதாரண இனம்தானே, அதற்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிடவும் முடியாது. இதன் உறவான ‘துருப்பொட்டு’ பம்பிள்பீயும் ஒரு காலத்தில் இங்கே சாதாரணமாகத்தான் பறந்தது. 2009இல் ஒன்ராறியோவின் பைனரி (Pinery) மாகாணப் பூங்காவில் கண்டதற்குப் பிறகு கனடாவில் அதைக் கண்டதாகப் பதிவே இல்லை.

அடுத்த ஏப்ரல் இதழில் பம்பிள்பீ, குளவி, தச்சு வண்டு மூன்றின் வண்ணப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி, ஸ்காபரோ