செல்வத்துக்குக் கடிதம்: உரைக்கோப்பிலிருந்து அச்சுக்குப் போகும் தமிழ்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஊர்ப் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களிலிருந்து கட்டுரைகளையும் பாடல்களையும் தொகுத்து டெம்மி அளவில் புத்தகமாகப் போடப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. வேர்டில் செய்யலாமா, பேண்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவியை வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். பேண்டாக்கிலேயே செய். நான்கு பேர் மெய்ப்புப் பார்க்கப்போகும் புத்தகம் இது. வெறும் உரைக்கோப்பாக இருந்தால் யார் எந்த வரியைத் திருத்தினார்கள் என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் அப்படியே தெரியும். தலைப்பின் அளவையோ வரி இடைவெளியையோ மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேண்டாக் பக்கம் அமைப்பதில்லை. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் எழுதத் தொடங்கிய இந்தக் கருவி, எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் கோப்பை, பக்க அமைப்புக்கான லேடெக் கோப்பாக மாற்றிக் கொடுப்பதோடு நின்றுவிடும். வரி பிரிப்பது, பக்கம் பிரிப்பது எல்லாம் டொனால்டு நூத் உருவாக்கிய டெக்கின் வழிவந்த எஞ்சின்களின் வேலை. ஆகவே பிழை வந்தால் அது எந்தப் படியில் வந்தது என்று முதலில் பார். பட்டியல் தப்பாக வந்தால் மார்க்டவுன் பக்கம். எழுத்து தப்பாக வந்தால் எஞ்சின் அல்லது எழுத்துரு.

கட்டளை எளிதுதான்: பேண்டாக், உன் கோப்பின் பெயர், ஹைஃபன் ஓ, வெளிவர வேண்டிய பிடிஎஃப்பின் பெயர். இப்படியே விட்டால் அது பிடிஎஃப்லேடெக் என்ற எஞ்சினைக் கூப்பிடும். அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. முதல் தமிழ் எழுத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். நிற்பது நல்லதுதான், என்ன கோளாறு என்று உடனே தெரிகிறது. இரட்டை ஹைஃபன் போட்டு பிடிஎஃப்-எஞ்சின் சமம் ஸீலேடெக் (இது யூனிகோடு அறிந்த எஞ்சின்) என்று சேர்த்துவிட்டால் நிற்காது. ஆனால் எழுத்துரு எது என்று சொல்லாமல் விட்டால் அது லத்தீன் மாடர்ன் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் கிடையாது. கிடைக்கும் பிடிஎஃப்பைத் திறந்தால் காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் பக்க எண்களும் மட்டும் தாளெங்கும் சிதறிக் கிடக்கும், எழுத்து ஒன்றுகூட இருக்காது. கட்டளை தட்டும் டெர்மினலில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று எச்சரிக்கை ஓடியிருக்கும், அவ்வளவுதான். தமிழில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: கருவி பல இடங்களில் பிழை என்று சொல்லாது, எழுத்தை விழுங்கிவிட்டு முடிந்தது என்று சொல்லும். அந்த எச்சரிக்கை ஒன்று வந்தாலும் பிடிஎஃப்பை அச்சகத்துக்கு அனுப்பாதே.

உபுண்டு அல்லது டெபியனில் பேண்டாக்கோடு டெக்லைவ்-ஸீடெக், டெக்லைவ்-லாங்-அதர், ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற மூன்று தொகுப்புகளையும் போட்டுக்கொள். நடுவில் சொன்னதில்தான் தமிழுக்கான சொற்பிரிப்பு விதிகள் வருகின்றன. அதை விட்டுவிட்டு, சொல் ஏன் உடைய மாட்டேன் என்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. கணினியில் என்னென்ன தமிழ் எழுத்துரு இருக்கிறது என்று பார்க்க எஃப்சி-லிஸ்ட் கட்டளையோடு லாங் சமம் டிஏ (தமிழ் மொழியின் குறி) என்று கொடு.

கோப்பின் தலையில், மூன்று ஹைஃபன் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவே அமைப்புகளை எழுதுவாய். லாங் என்பதற்கு டிஏ. மெயின்ஃபாண்ட் என்பதற்கு நோட்டோ செரிஃப் டமில். அடுத்து, பலரும் விட்டுவிடும் வரி: மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸ் என்பதற்கு ஸ்கிரிப்ட் சமம் டமில். இது இல்லாவிட்டால் எழுத்துகள் வரும், ஆனால் தமிழின் விதிப்படி சேராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும், 'கொ'வும் 'கோ'வும் உதிரி உதிரியாக விழும். திரையில் சட்டென்று கண்ணில் படுகிற பிழை என்பதால் இதைத் திருத்துவது சுலபம்.

டாகுமெண்ட்கிளாஸ் என்பதற்கு புக் என்று கொடு, ஒற்றை ஹேஷ் போட்ட தலைப்புகள் தானாக அத்தியாயமாகும். டிஓசி-டைட்டிலில் 'பொருளடக்கம்' என்று நீயே எழுதிவிடு. தாளின் அளவு 140-க்கு 215 மில்லிமீட்டர். ஜியோமெட்ரி என்ற ஓர அமைப்பில் கட்டுப் பக்கம் 20, வெளிப்பக்கம் 15, மேலே 18, கீழே 20 மில்லிமீட்டர் விட்டால் உரையின் அகலம் 105 வரும். பசை போட்டு ஒட்டும் கட்டுக்கு 20-க்குக் குறையாதே, எழுத்து மடிப்புக்குள் போய்விடும். எழுத்து 11 பாயிண்ட். வரி இடைவெளிக்கான லைன்ஸ்ட்ரெச் 1.15 வை. 11 பாயிண்ட்டுக்கு புக் வகையின் இயல்பான வரி உயரம் 13.6 பாயிண்ட், அது 15.6 ஆகும். ஆங்கிலத்துக்கு இது கொஞ்சம் தாராளம். நமக்கு அப்படி இல்லை. மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் இருக்கின்றன, மூச்சு விட இடம் வேண்டும்.

சாய்வெழுத்து விஷயத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள். நட்சத்திரக் குறிக்குள் போட்டால் பேண்டாக் சாய்வு கேட்கும், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வே இல்லை, எனவே சாதா எழுத்தாகவே விழும். நூல் பெயர்களை வேறுபடுத்திக் காட்டியது வீணாகிவிடும். மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸிலேயே இட்டாலிக்ஃபாண்ட் சமம் நோட்டோ சான்ஸ் டமில் என்று இன்னொரு வரி சேர்த்துவிடு. செரிஃபுக்கு நடுவே சான்ஸ் வந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியும். செயற்கையாகத் தமிழைச் சாய்ப்பது எனக்குப் பிடிக்காது, சுழிகள் கெட்டுவிடுகின்றன.

இனி மூலக்கோப்பு. மலர்களைத் தட்டச்சு செய்தவர்கள் வேர்டில் தந்திருந்தால் பேண்டாக்கே அதை மார்க்டவுனாக்கும். ராப் சமம் நன் (வரியை மடிக்காதே) என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொடு, இல்லாவிட்டால் வரிகளை எழுபத்திரண்டு எழுத்துக்கு ஒருமுறை உடைத்துவிடும், பிறகு திருத்தங்களை ஒப்பிடுவது சிரமம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் அதற்கு முன்பே யூனிகோடாக மாற்றியாக வேண்டும்.

பத்தியின் தொடக்கத்தில் இடம் விட்டு அடிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. நான்கு இடைவெளியோ ஒரு டேபோ விட்டால் பேண்டாக் அந்தப் பத்தியை கணினி நிரல் என்று எடுத்துக்கொண்டு, எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள மோனோ எழுத்துருவுக்கு அனுப்பிவிடும். மோனோ எழுத்துருவிலோ தமிழ் கிடையாது. ஒரு முழுப் பத்தி வெற்றிடமாகிப் போகும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகள் ஒழுங்காக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எடிட்டரில் வரித் தொடக்க இடைவெளிகளை மொத்தமாக நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பத்தித் தொடக்க இடத்தை இன்டென்ட் என்ற அமைப்பு பார்த்துக்கொள்ளும். இதேபோல, ஒரு பத்தி '1962.' என்று ஆண்டும் புள்ளியுமாகத் தொடங்கினால் அது 1962-இல் தொடங்கும் எண்பட்டியலாகிவிடும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தப்பிக்கலாம். மலரில் தலைமையாசிரியர் அறிக்கைகள் இருக்குமே, அவற்றில் இது நிச்சயம் வரும்.

பாடல்களுக்கு, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடும் ஓர் இடைவெளியும் போடு. அடிகள் அடிகளாகவே நிற்கும். அடியின் தொடக்கத்தில் விடும் இடமும் மாறாது, எனவே வெண்பாவின் தனிச்சொல்லைத் தள்ளி வைக்க இதுவே போதும். இரண்டு தொல்லைகள் மட்டும் மிஞ்சும். ஒரு வெண்பாவின் மூன்றடி இந்தப் பக்கத்திலும் ஈற்றடி அடுத்த பக்கத்திலும் போய் விழலாம். பாட்டுக்கு மேலே நீட்ஸ்பேஸ் என்ற லேடெக் கட்டளையை ஐந்து வரி உயரத்துக்குக் கொடுத்தால், இடம் இல்லாதபோது பாட்டு முழுவதும் அடுத்த பக்கம் போகும். நீட்ஸ்பேஸ் தொகுப்பைக் கோப்பின் தலையில் உள்ள ஹெடர்-இன்க்ளூட்ஸ் என்ற அமைப்பில் சேர்க்க மறக்காதே. சீர்கள் பல உள்ள ஆசிரிய விருத்தத்தின் அடி 105 மில்லிமீட்டருக்குள் அடங்காமல் மடிவது இரண்டாவது தொல்லை. அதற்கு அந்தப் பாட்டை மட்டும் ஒரு பாயிண்ட் சிறிதாக்குவதே நல்லது.

சொல் உடைப்பு. நம் சொற்கள் நீளம், 105 மில்லிமீட்டரில் வரிக்கு ஆறேழு சொல்தான் பிடிக்கும். உடைக்காவிட்டால் இடைவெளி பல்லிளிக்கும், அல்லது சொல் ஓரத்தைத் தாண்டி நீட்டும். லாங் டிஏ கொடுத்ததால் தமிழ் விதிகள் வேலை செய்யும். ஆனால் வரி முடிவில் ஆங்கிலத்தைப் போல் ஒரு சிறுகோடு விழும். தமிழ்ப் புத்தகத்துக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். எழுத்துருவின் ஹைஃபன் எழுத்தாக, அகலமே இல்லாத 'ஸீரோ வித் நான்-ஜாயின'ரை வைத்துவிட்டால் கோடு மறையும். இன்னொன்று, வரி இறுதியில் குறைந்தது எத்தனை எழுத்து அடுத்த வரிக்குப் போகலாம் என்பதை ரைட்ஹைஃபன்மின் தீர்மானிக்கும். அது எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் குறியெண்ணை. 'த்து' என்பது நமக்கு இரண்டெழுத்து, அதற்கு நான்கு. எனவே 2 என்று வைத்தால் 'து' மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் உட்காரும். 4 வை. மெய்யெழுத்தில் ஏதாவது வரி தொடங்குகிறதா என்று மெய்ப்பில் பார். தொடங்கினால் அந்தச் சொல்லை எம்பாக்ஸ் கட்டளைக்குள் போட்டுவிடு, உடையாது.

ஓரம் தாண்டும் வரிகளைப் பேண்டாக் சொல்லாது. பிடிஎஃப்புக்குப் பதில் டெக் கோப்பாக வெளியே எடுத்து, நீயே ஸீலேடெக்கை இரண்டு முறை ஓட்டு. முதல் ஓட்டத்தில் பக்க எண்களைக் குறித்துக்கொள்ளும், இரண்டாவதில்தான் பொருளடக்கத்தில் அவை வரும். ஓட்டத்தின் குறிப்புகள் பதியும் லாக் கோப்பில் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று தேடு, எத்தனை பாயிண்ட் தாண்டியது என்று எழுதியிருக்கும். 1 பாயிண்ட் இருந்தால் விட்டுவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. 12 பாயிண்ட் என்றால் 4 மில்லிமீட்டர், வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றியாக வேண்டும்.

இப்போது முக்கியமானது. பிடிஎஃப்பைப் பள்ளியின் தளத்திலும் வைக்கப்போகிறாய் அல்லவா? திரையில் அழகாகத் தெரியும் தமிழ், கோப்புக்குள் தமிழாக இல்லாமல் போகலாம். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கட்டளையில் உரையை எடுத்துப் பார். 'பொது' என்பது 'ெபாது' என்று கொம்பு முன்னால் வந்து விழுந்தால், உள்ளே இருப்பது பார்வை வரிசை, எழுத்து வரிசை அல்ல. அந்தக் கோப்பில் யார் 'பொது' என்று தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் உளறும். ஸீடெக்கில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட் சமம் 1 என்று ஹெடர்-இன்க்ளூட்ஸில் ஒரு வரி எழுதினால், ஒவ்வொரு சொல்லோடும் அதன் மூல எழுத்துகளும் கோப்பில் பதியும். இந்த ஒரு வரி இல்லாததால் தேட முடியாமல் கிடக்கும் தமிழ்ப் பிடிஎஃப்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதற்கும் முன்னால், மூலக்கோப்பிலேயே எழுத்து சரியாக இருக்க வேண்டும். 'கௌ' எழுதக் கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெள' என்று அடித்திருப்பார்கள், கால் போட வேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பார்கள். தாளில் ஒன்றுபோலவே தெரியும். 'ெள' என்று தேடி, வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்து. மொத்தமாக மாற்றிவிடாதே, 'தெள்ளிய' என்பதும் அதில் அகப்படும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டாகவும் எழுத முடியும். யூகான்வ் கட்டளையில் எனி-என்எஃப்சி கொடுத்தால் எல்லாம் ஒரே வகையாகும்.

ரூபாய் குறி பல எழுத்துருக்களில் இல்லை, 'ரூ.' என்றே எழுது. படங்கள் 300 டிபிஐ இருக்கட்டும். விளக்கவரி உள்ள படத்தை லேடெக் தனக்குத் தோன்றும் பக்கத்துக்கு நகர்த்தும். சொன்ன இடத்திலேயே நிற்க வேண்டுமென்றால் விளக்கவரியைத் தனிப் பத்தியாக்கி, படத்தின் முடிவில் ஒரு பின்சாய்கோடு போடு.

அச்சகத்துக்கு அனுப்புமுன் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எல்லா எழுத்துருவும் உட்பொதிந்திருக்கிறதா என்று பார். பக்கக் கணக்கையும் பார்த்துக்கொள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 200 பக்கம் பன்னிரண்டரை ஃபாரம். 208 ஆக்கினால் சரியாக 13. இன்னும் எட்டுப் பக்கத்துக்குப் பழைய புகைப்படங்கள் வைக்கலாமே.

2023-இல் திறந்த மூலமாக வந்த டைப்ஸ்ட் என்ற பக்க அமைப்புக் கருவி பற்றிக் கேட்டிருந்தாய். பேண்டாக்கில் அதையும் எஞ்சினாகக் கொடுக்கலாம். வேகம் அபாரம், பிழைச் செய்தியும் மனிதருக்குப் புரிகிற மாதிரி வருகிறது. சுற்றறிக்கைக்கும் கையேட்டுக்கும் நான் அதையே சொல்வேன். இந்தப் புத்தகத்துக்கு ஸீலேடெக்கிலேயே இரு, மேலே சொன்ன நுணுக்கங்கள் எல்லாம் அதில் கைக்கு அடங்கியவை.

முதலில் பாட்டும் அறிக்கையும் புகைப்படமும் மூன்றும் உள்ள ஒரு மலரை மட்டும் செய்து பார். அமைப்புக் கோப்பையும் லாக் கோப்பையும் சேர்த்து அனுப்பு, நான் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முத்து